பேறுகாலத்துக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு உண்டா?



போன வாரம் ஒரு நாள் இரவு எட்டரை மணி இருக்கும். என்னிடம் அஞ்சாம் வகுப்பு படித்த மாணவன் ஒருவன் கோயம்புத்தூரிலிருந்து பேசினான். பெயர் வேண்டாம், அவனும் இதைப் படிப்பான். குழந்தை பிறந்து எட்டு நாள் ஆகிறது என்றான். "ரொம்ப சந்தோஷம்ப்பா" என்றேன். அவன் குரலில் சந்தோஷத்தைவிட அலுப்புதான் அதிகம் இருந்தது. மனைவிக்கு ஆபரேஷன் செய்து எடுத்த குழந்தை. மாமியார் இல்லை. அவன் அம்மாவுக்கு முழங்கால் வலி, மாடிப்படி ஏற முடியாது. கம்பெனியில் பதினைந்து நாள் லீவு கேட்டிருக்கிறான். மேலாளர் சிரித்துக்கொண்டே, "பேறுகாலம் ஒனக்கா, ஒம் பொண்டாட்டிக்கா?" என்று கேட்டாராம். மூன்று நாள் கொடுத்தார்களாம்.

"சார், நீங்க பழைய கதையெல்லாம் நல்லாச் சொல்லுவீங்க. அப்பாவுக்கு லீவுன்னு சட்டத்துல ஒண்ணுமே இல்லியா சார்?"

தனியார் வேலையில் இருக்கும் அப்பாவுக்கு, குழந்தை பிறந்ததற்காக இவ்வளவு நாள் லீவு தரவேண்டும் என்று சொல்லும் சட்டம் நம் நாட்டில் இல்லை. அதை அவனிடம் அப்போதே சொல்லிவிட்டேன். ஆனால் அம்மாவுக்கு எப்படி வந்தது, அப்பாவுக்கு ஏன் வரவில்லை என்பது நூறு வருஷக் கதை. அதைப் போனில் சொல்லி முடியாது. "எழுதுறேன்ப்பா" என்றேன். அதுதான் இது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மூத்த மகள் பிறந்தது 1988-இல். அன்றைக்கு ஒரு நாள் தற்செயல் விடுப்பு போட்டேன். மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போய் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். "பிள்ளை பிறந்த மறுநாளே ஸ்கூலுக்கு வந்துட்டார் பாருங்க" என்று நாலு பேர் சொன்னார்கள். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. என் வீட்டம்மாவும் ஆசிரியைதான். அப்போது தமிழக அரசு ஊழியப் பெண்களுக்கு மகப்பேறு விடுப்பு 90 நாள். பிள்ளையோடு கூடுதல் நாள் இருக்கவேண்டும் என்பதற்காக, வலி எடுப்பதற்கு முந்தின வாரம் வரை பஸ் ஏறிப் போய்ப் பாடம் நடத்தினார். 91-ஆம் நாள் பிள்ளையை என் அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனார். மத்தியானம் பால் கட்டிக்கொண்டு வலி தாங்காமல் அழுததை எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் சொன்னார். அந்த 90 நாளில் நான் என்ன செய்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். சனி, ஞாயிறு மாமனார் வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு வந்தேன். அவ்வளவுதான்.

இதில் ஊர் வழக்கமும் இருக்கிறது. நம் பக்கத்தில் ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டுத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். பேறுகாலம் அங்கேதான். பச்சை உடம்புக்காரிக்கு மருந்து அரைப்பது, பிள்ளையைக் குளிப்பாட்டுவது எல்லாம் அம்மாவும் அத்தைகளும் பார்த்துக்கொள்வார்கள். மூன்றாம் மாதமோ அஞ்சாம் மாதமோ பிள்ளையோடு அனுப்பி வைப்பார்கள். தகப்பன் விருந்தாளிதான். அவனுக்கு லீவு எதற்கு என்று யாருக்கும் தோன்றாததில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அந்த ஏற்பாடு நான்கைந்து பெண்கள் வீட்டில் இருந்த காலத்து ஏற்பாடு. இன்றைக்கு அந்த அம்மாவே வேலைக்குப் போகிறாள், அல்லது வேறு ஊரில் இருக்கிறாள், அல்லது இல்லை. வழக்கத்தைத் தாங்கிய ஆட்கள் போய்விட்டார்கள், வழக்கம் மட்டும் நிற்கிறது.

இனி வரலாற்றுக்கு வருகிறேன்.

1919-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் நகரத்தில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் முதல் மாநாடு கூடியது. அங்கே போட்ட ஆரம்ப உடன்படிக்கைகளில் மூன்றாவது, பிள்ளை பெறும் தொழிலாளப் பெண்களுக்கானது. பேறுகாலத்துக்கு முன் ஆறு வாரம், பின் ஆறு வாரம் ஓய்வு. அந்தக் காலத்துக்கு உதவித்தொகை. அந்தத் தொகையை அரசாங்கப் பணத்திலிருந்தோ காப்பீட்டு முறையிலோ கொடுக்க வேண்டும் என்றும் எழுதினார்கள். முதலாளி தனியாகக் கொடுக்கட்டும் என்று சொல்லவில்லை. இந்த ஒரு வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வரைக்கும் இது வரும்.

ஒன்பது வருஷம் கழித்து, 1928-இல், பம்பாய் சட்ட சபையில் மகப்பேறு உதவி மசோதா வந்தது. ஆலைகளில் வேலை செய்யும் பெண்களுக்கானது. அதை ஆதரித்துப் பேசியவர்களில் டாக்டர் அம்பேத்கரும் ஒருவர். பேறுகாலத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டுக்கே நல்லது என்றார். அதனால் இந்தச் செலவில் பெரும்பகுதியை அரசாங்கம் சுமப்பதே நியாயம் என்று ஒப்புக்கொண்டார். அதே சமயம், பெண்களை வேலைக்கு வைத்து லாபம் பார்க்கும் முதலாளிக்கும் பொறுப்பு உண்டு என்றார். 1929-இல் அது சட்டம் ஆனது. நம் சென்னை மாகாணத்துக்கு 1934-இல் மகப்பேறு உதவிச் சட்டம் வந்தது. சுரங்கத் தொழிலாளப் பெண்களுக்கு 1941-இல் தனிச் சட்டம்.

ஆனால் நடைமுறையில் என்ன ஆனது? செலவு முழுவதும் முதலாளி தலையில் விழுந்தது. முதலாளி கணக்குப் பார்ப்பவர். பெண்ணை வைத்தால் இந்தச் செலவு, ஆணை வைத்தால் இல்லை. பின்னால் வந்த வருஷங்களில் பஞ்சாலைகளில் பெண்களின் பங்கு குறைந்துகொண்டே வந்தது. இரவு வேலைத் தடை, புது இயந்திரங்கள் என்று அதற்குப் பல காரணங்கள் உண்டு. மகப்பேறுச் செலவுக்குப் பயந்ததும் அவற்றில் ஒன்று. நல்ல எண்ணத்தில் போட்ட சட்டம், யாருக்காகப் போட்டார்களோ அவர்களையே வாசலில் நிறுத்தவும் வழி செய்துவிட்டது.

சுதந்திரத்துக்குப் பிறகு 1948-இல் இ.எஸ்.ஐ. சட்டம் வந்தது. இதில் தொழிலாளியும் முதலாளியும் மாதா மாதம் பொதுவில் பணம் கட்டுகிறார்கள். பிள்ளை பெறும் பெண்ணுக்கு அந்தப் பொது நிதியிலிருந்து பணம் போகிறது. எந்தக் கம்பெனியில் எத்தனை பெண்கள் என்பது அந்த முதலாளியின் செலவைக் கூட்டுவதில்லை. வாஷிங்டனில் எழுதிய வரி இதுதான். ஆனால் இன்றைக்கும் மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்கள்தான் பொதுவாக இதற்குள் வருவார்கள். மற்றவர்களுக்கு 1961-இல் மகப்பேறு நலச் சட்டம் வந்தது. 12 வாரம் சம்பளத்தோடு விடுப்பு, வேலைக்குத் திரும்பியதும் குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை பால் கொடுக்க இரண்டு இடைவேளை, விடுப்பில் இருக்கும்போது வேலையைவிட்டு நீக்கக் கூடாது. எல்லாம் நல்ல விதிகள். ஆனால் பணம் மட்டும் முழுக்க முதலாளியின் பையிலிருந்து.

இந்தச் சட்டத்தின் கீழ் நடந்த வழக்குகளில் எனக்கு மிகவும் பிடித்த வழக்கு நம் தமிழ்நாட்டு மலைத்தோட்டம் ஒன்றில் பிறந்தது. கோவை மாவட்டத்தில் ஒரு எஸ்டேட். அங்கே வேலை செய்த ஒரு பெண் 1967-இல் பேறுகால விடுப்பில் போனார். 12 வாரம் என்றால் எத்தனை நாள்? பிள்ளைகளே, வாய்ப்பாடு மறந்திருக்காது, 84 நாள். ஆனால் நிர்வாகம் 72 நாளுக்குத்தான் பணம் கொடுத்தது. 12 ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்துவிட்டார்கள். ஞாயிறு எஸ்டேட்டில் சம்பளம் இல்லாத நாள், அதனால் அந்த நாளுக்குப் பணம் இல்லை என்பது அவர்கள் வாதம்.

அந்தப் பெண் விடவில்லை. கோயம்புத்தூர் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனார். அங்கிருந்து வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அங்கிருந்து டெல்லி உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1977 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. வாரம் என்றால் ஏழு நாள், ஞாயிறும் சேர்த்துத்தான் என்றார்கள். பிள்ளை பெற்ற உடம்பு தேறுவதற்கும், பிள்ளைக்குப் பால் ஊறுவதற்கும் பட்டினி இல்லாமல் இருக்கவேண்டும், அதற்குத்தான் இந்தச் சட்டம், அதை அந்த நோக்கத்தோடுதான் படிக்கவேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமைக் கூலி அன்றைக்கு எவ்வளவு பெரிய தொகையாக இருந்திருக்கும்? அதற்காகப் பத்து வருஷம். பேறுகாலத்துக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு உண்டா என்ற எளிய கேள்விக்கு நாட்டின் உச்ச நீதிமன்றத்தைப் பதில் சொல்ல வைத்தவர் தேயிலைத் தோட்டத்துக் கூலிப்பெண் போன்ற ஒருவர் என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதே காலத்தில் வேறு சில கதவுகளும் தட்டப்பட்டன. இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண் சி.பி. முத்தம்மா. சென்னையில் படித்தவர். அந்தப் பணியில் இருக்கும் பெண் கல்யாணம் செய்ய அரசிடம் அனுமதி வாங்கவேண்டும், குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடைஞ்சல் என்று அரசு நினைத்தால் வேலையை விடச் சொல்லலாம் என்று விதி இருந்தது. ஆணுக்கு அப்படி ஒன்றும் இல்லை. முத்தம்மா வழக்குப் போட்டார். 1979-இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்த விதிகளைக் கடுமையாகக் கண்டித்தார். பெண்ணுக்குக் குடும்பம் இடைஞ்சல் என்றால் ஆணுக்கும் அது இடைஞ்சல்தானே என்பது அவர் எழுப்பிய கேள்வி. 1981-இல் ஏர் இந்தியா வழக்கு. விமானப் பணிப்பெண் முதல் முறை கருவுற்றாலே வேலை போய்விடும் என்ற விதியை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. இதையெல்லாம் கேட்டு நம் நாடு மட்டும் பின்தங்கியது என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் கல்யாணம் ஆன பெண் ஆசிரியையாக இருக்கக்கூடாது என்று பல இடங்களில் இருந்த தடை 1944 கல்விச் சட்டத்தில்தான் நீங்கியது.

2000-ஆம் ஆண்டு மார்ச் 8, உலக மகளிர் தினத்தன்று இன்னொரு தீர்ப்பு. டெல்லி மாநகராட்சியில் தினக்கூலியாக ரோட்டு வேலை செய்த பெண்கள் கேட்டார்கள். நிரந்தரப் பணியில் இருக்கும் பெண்ணுக்குத்தான் மகப்பேறு விடுப்பா, கல் சுமக்கும் எங்களுக்கு இல்லையா என்று. உண்டு என்றது உச்ச நீதிமன்றம்.

நம் மாநிலம் இந்த விஷயத்தில் பல மாநிலங்களுக்கு முன்னால் நின்றிருக்கிறது. ஏழைக் கர்ப்பிணிகளுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் மகப்பேறு நிதியுதவித் திட்டம் 1987-இல் தொடங்கியது. 2006-இல் 6,000 ரூபாய், 2011-இல் 12,000, பிறகு 18,000 என்று உயர்ந்தது. அரசு ஊழியப் பெண்களின் விடுப்பு 90 நாளிலிருந்து 2011-இல் ஆறு மாதம், 2016-இல் ஒன்பது மாதம், 2021 ஜூலை முதல் ஒரு வருஷம். ஆட்சிகள் மாறினாலும் இது குறையாமல் கூடிக்கொண்டே வந்தது. 2025 ஏப்ரலில், மகப்பேறு விடுப்பில் போன நாட்களைத் தகுதிகாண் பருவத்திலும் சேர்த்துக்கொள்வதாக அறிவித்தார்கள். அதற்கு முன்பு, வேலையில் சேர்ந்த புதிதில் பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பணிமூப்பு பின்னால் போகும். தனியார் துறைக்கு 2017-இல் மத்திய அரசு 12 வாரத்தை முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரமாக்கியது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும் சேர்த்தது.

எல்லாம் சரி. ஆனால் இந்த 26 வாரச் சம்பளத்தையும் முதலாளிதான் தரவேண்டும். 1929-இல் செய்த அதே தவறு. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டதைவிட என் பள்ளிக்கூடத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். ஒரு கிராமத்தில் ஈராசிரியர் பள்ளியில் வேலை பார்த்தேன். நானும் ஒரு இளம் ஆசிரியையும். அவர் மகப்பேறு விடுப்பில் போனார். மாற்று ஆசிரியர் வரவில்லை. ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஐந்து வகுப்பும் என் தலையில். ஒரு மூலையில் அ, ஆ, இன்னொரு மூலையில் பின்னம். இடையில் சத்துணவுக் கணக்கு, புள்ளிவிவரப் படிவம். மாலையில் தொண்டை கட்டிவிடும். அப்போது நான் யாரைத் திட்டினேன் தெரியுமா? ஆள் அனுப்பாத மேலதிகாரிகளை அல்ல. அந்தப் பெண்ணைத்தான். "இந்த டீச்சர்களைப் போட்டாலே இப்படித்தான்" என்று டீக்கடையில் சொன்னேன். அவர் திரும்பி வந்தபோது முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் வந்த முதல் நாள் என்னிடம் சொன்னது, "மன்னிச்சுக்கங்க சார்." பிள்ளை பெற்றதற்கு மன்னிப்பு. என் வீட்டில் 91-ஆம் நாள் பால் கட்டிக்கொண்டு அழுத பெண்ணுக்குக் கணவன் நான். இருந்தும் எனக்கு உறைக்கவில்லை.

சுமையை எங்கே இறக்கி வைக்கிறோமோ அங்கிருந்துதான் கோபம் கிளம்பும். பொதுவில் சுமக்க வேண்டியதைப் பக்கத்தில் இருப்பவர் தலையில் வைத்தால், அவர் கோபம் அந்தப் பெண்மேல் திரும்பும். கம்பெனி முதலாளியின் கணக்கும் இதேதான். நேர்முகத் தேர்வில் கல்யாணம் ஆன இளம் பெண்ணிடம் "குழந்தை இருக்கா? இப்போதைக்குத் திட்டம் உண்டா?" என்று கேட்கிறார்கள். பையனிடம் கேட்பதில்லை. ஏனென்றால் அவன் அப்பா ஆனாலும் மறுநாள் வந்து கையெழுத்துப் போட்டுவிடுவான், என்னைப் போல.

ஆக, தாய்க்கு மட்டும் விடுப்பை நீட்டிக்கொண்டே போனால் ஒரு பக்கம் நன்மை, மறுபக்கம் "பிள்ளை பெண்ணுடைய வேலை" என்று முத்திரை குத்துகிறோம். 2023-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின் காட்டியதும் இதுதான். வளர்ந்த நாடுகளில் இன்றைக்கு ஆண், பெண் சம்பள வித்தியாசத்தில் பெரும்பகுதி முதல் குழந்தை பிறப்பதோடு தொடங்குகிறது. அதுவரை இருவரும் ஏறக்குறைய சேர்ந்தே ஓடுகிறார்கள்.

இதற்கு மருந்தாக வேறு நாடுகள் கண்டுபிடித்தது, அப்பாவுக்கும் விடுப்பு. 1974-இல் ஸ்வீடன், தாய்க்கான விடுப்பைப் பெற்றோர் விடுப்பாக மாற்றியது. இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். சம்பளத்தின் பெரும்பகுதியைச் சமூகக் காப்பீடு தரும், முதலாளி அல்ல. முதல் வருஷம் என்ன ஆனது? மொத்த நாட்களில் அப்பாக்கள் எடுத்தது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. "யார் வேண்டுமானாலும்" என்றால் அம்மாதான் என்பது அங்கேயும் அப்படித்தான். 1993-இல் நார்வே நான்கு வாரத்தை அப்பாவுக்கென்றே ஒதுக்கியது. அவர் எடுக்காவிட்டால் அந்த நாட்கள் வீண், மனைவிக்கு மாற்ற முடியாது. சில வருஷங்களில் பெரும்பாலான அப்பாக்கள் எடுக்கத் தொடங்கினார்கள். ஸ்வீடனும் 1995-இல் ஒரு மாதத்தை அப்படி ஒதுக்கியது, இப்போது மூன்று மாதம். இன்று அங்கே எடுக்கப்படும் நாட்களில் ஏறத்தாழ 30 சதவீதம் அப்பாக்களுடையது. ஐஸ்லாந்து 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அம்மாவுக்கு மூன்று மாதம், அப்பாவுக்கு மூன்று மாதம், பொதுவாக மூன்று மாதம் என்று பிரித்தது. 2021 முதல் இருவருக்கும் ஆறு ஆறு மாதம், அதில் சில வாரங்களை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஸ்பெயினிலும் 2021-இலிருந்து இருவருக்கும் சம அளவு விடுப்பு.

நம் நாட்டில்? மத்திய அரசு ஆண் ஊழியர்களுக்கு 1997-இலிருந்து 15 நாள் உண்டு. 2017-இல் ராஜீவ் சதவ் என்ற மக்களவை உறுப்பினர் எல்லா அப்பாக்களுக்கும் விடுப்பு கேட்டுத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அது சட்டம் ஆகவில்லை. 2023-இல் நம் மதுரைக் கிளை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. தென்காசி மாவட்டத்தில் வேலை பார்த்த ஒரு காவல் ஆய்வாளர். சிகிச்சை எடுத்துக் கருவுற்ற மனைவியின் பேறுகாலத்துக்காக லீவு கேட்டார். முதலில் கொடுத்தார்கள், பிறகு சட்டம் ஒழுங்கு என்று சொல்லி ரத்து செய்தார்கள். பேறுகாலம் நெருங்கியபோது அவர் மனைவியோடு இருந்தார். வேலையைவிட்டு ஓடிப்போனவர் என்று உத்தரவு வந்தது. நீதிபதி எல். விக்டோரியா கௌரி அந்த உத்தரவை ரத்து செய்தார். பிள்ளை வளர்ப்பில் தகப்பனுக்கும் பங்கு உண்டு, தாயையும் சேயையும் காக்கும் உரிமை அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவோடு சேர்ந்தது, தந்தைக்கான விடுப்புக்குத் தனிச் சட்டம் தேவை என்றார். மேலாளர் சிரித்தார் என்று வருத்தப்பட்ட என் மாணவன் இந்தத் தீர்ப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். பேறுகாலம் யாருக்கு என்ற கேள்விக்கு மதுரையில் ஒரு நீதிமன்றம் ஏற்கெனவே பதில் சொல்லியிருக்கிறது.

ஆசிரியர் சமூகத்தைத் தொட்ட தீர்ப்பு ஒன்றும் உண்டு. நம் மாநிலத்து அரசுப் பள்ளி ஆங்கில ஆசிரியை ஒருவர். முதல் திருமணத்தில் இரண்டு குழந்தைகள், பிறகு மணமுறிவு, மறுமணம். மறுமணத்தில் பிறக்கவிருந்த குழந்தைக்கு விடுப்பு கேட்டபோது, இரண்டு குழந்தைக்கு மேல் இல்லை என்று மறுத்தார்கள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவருக்கு விடுப்பு கொடுக்கச் சொன்னது. மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையைச் சேர்ந்தது என்றது.

"ஆம்பளைக்கு லீவு குடுத்தா டீக்கடையிலதான் உக்காந்திருப்பான்" என்று என் மச்சான் சொல்வார். இதைப் படித்ததும் சொல்லத்தான் போகிறார். சிலர் உட்காருவார்கள் மாமா, மறுக்கவில்லை. ஆனால் மூன்று நாளில் பிள்ளையைத் தூக்கப் பழக முடியாது. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து துணி மாற்றினால்தான் கை பழகும். எனக்கு மகள் பிறந்தபோது பழகாத கை, பேத்தி பிறந்தபோது அறுபது வயதில்தான் பழகியது. மருமகன் ஒரு வாரம் லீவு போட்டு வந்திருந்தார். பிள்ளையைக் காலில் போட்டு எப்படிக் குளிப்பாட்டுவது என்று என் வீட்டம்மாவிடம் கேட்டுக் கற்றுக்கொண்டார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். "சுடுதண்ணியாவது எடுத்துட்டு வாங்க" என்றார் வீட்டம்மா. அன்றைக்குத்தான் என் பயிற்சி தொடங்கியது.

கடைசியாக, நம் ஊரைப் பற்றி. உத்தமபாளையத்திலும் கம்பத்திலும் போடியிலும் வெள்ளன எழுந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். தூக்குவாளியோடு பெண்கள் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி மலைக்கு அந்தப்பக்கம் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போவார்கள். பொழுது சாயத்தான் திரும்புவார்கள். என்னிடம் படித்த பல பிள்ளைகளின் தாய்மார்கள் அவர்கள். என்னிடம் படித்த சில பெண்பிள்ளைகளும் இன்று அதே ஜீப்பில் போகிறார்கள். மகப்பேறு விடுப்பு வாங்க, முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். இவர்கள் அதைவிட அதிக நாள் வேலை செய்திருப்பார்கள். ஆனால் இன்று ஒரு தோட்டம், நாளை ஒரு தோட்டம். எந்தப் பதிவேட்டிலும் பெயர் இல்லை என்றால் 80 நாளுக்கு யார் சாட்சி? வயிறு இறங்கும் வரை மலை ஏறுகிறார்கள். பிறகு கூலி நின்றுவிடும். அரசு தரும் 18,000 ரூபாயை விட்டால் வேறு இல்லை. கணவனும் கூலி என்றால், அவன் வீட்டில் இருக்கும் ஒவ்வொரு நாளும் அடுப்பு எரியாத நாள்.

அதனால்தான் சொல்கிறேன், பிள்ளை வளர்ப்பு செலவு என்றால் அது ஊர்ச் செலவு. முதலாளி ஒருவர் தலையிலோ, பக்கத்து வகுப்பு ஆசிரியர் தலையிலோ, பெண் ஒருத்தி உடம்பிலோ அதை இறக்கி வைக்கக் கூடாது. இ.எஸ்.ஐ. போல ஒரு பொது நிதி. அதில் அம்மாவுக்கும் பங்கு, அப்பாவுக்கும் மாற்ற முடியாத பங்கு, ஜீப்பில் போகும் பெண்ணுக்கும் பங்கு. அது வந்தால் நேர்முகத் தேர்வில் பெண்ணிடம் கேட்கும் கேள்வியைப் பையனிடமும் கேட்க வேண்டியிருக்கும். அல்லது இருவரிடமும் கேட்காமல் விட வேண்டியிருக்கும்.

என்னிடம் படித்தவர்களில் இன்று கடை வைத்திருப்பவர்கள், கம்பெனி நடத்துபவர்கள், அலுவலகத்தில் லீவு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் இடத்தில் இருப்பவர்கள் பலர். சட்டம் வரும்போது வரட்டும். உங்கள் மேசைக்கு ஒரு இளம் தகப்பன் லீவு கேட்டு வந்தால், சிரிக்காதீர்கள். எத்தனை நாள் என்று கேளுங்கள். பெண் ஒருத்தி விடுப்பு முடிந்து திரும்பி வந்தால், அவள் வேலையைப் பார்த்தவரிடம் நன்றி சொல்லுங்கள், அவளை மன்னிப்புக் கேட்க விடாதீர்கள்.

அந்த ஆசிரியையும் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். இந்தப் பக்கத்தில் அவரும் இருக்கிறார். டீச்சர், அன்றைக்கு நீங்கள் என்னிடம் கேட்ட மன்னிப்பை இன்றைக்கு நான் உங்களிடம் கேட்கிறேன்.

கோயம்புத்தூர்க்காரனே, பிள்ளைக்குப் பெயர் வைத்ததும் சொல். அடுத்த மாதம் நானும் அம்மாவும் வருகிறோம். உனக்குக் குளிப்பாட்டத் தெரியாவிட்டால் நான் சொல்லித் தருகிறேன்.